பட்டறையும் பூவேலையும்: வியன்னாவில் நடந்த ஒரு வழக்கு

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரின் தச்சுப் பட்டறைக்கு ஒரு நாற்காலி செப்பனிட வந்தது. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வக்கீல் தொழில் பார்த்துவரும் ஒரு வீட்டு நாற்காலி அது. இருக்கையின் பிரம்புப் பின்னல் அறுந்து தொங்கியது. மற்றபடி உறுதியாகவே இருந்தது. தந்தையார் அதைக் கவிழ்த்துப் போட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த கை அவருடையது. ஒரு மரச்சாமான் எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுகொள்ள அவருக்கு அரை நிமிடம் போதும். அன்று அவரே திகைத்துவிட்டார். பின்கால் இரண்டும் முதுகும் சேர்ந்து ஒரே கொம்பு. ஒரு காலாகத் தரையிலிருந்து எழுந்து, மேலே வளைந்து, மறுபக்கம் இறங்கி, இன்னொரு காலாக அது முடிந்தது. எங்கும் ஒட்டு இல்லை. மர நார் வளைவோடு வளைவாக ஓடியது.

"இதை அறுக்கலைடா, வளைச்சிருக்கான்" என்றார் தந்தையார்.

இருக்கை வளையத்தின் உட்புறம் சுட்டுப் பதித்த முத்திரை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்துப் படித்தேன்: 'ஜே. அண்டு ஜே. கோன், வீன்'. "கோன்னா யாரு? ஆசாரியா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடி நூலகத்திற்குச் சென்றவன், நாற்காலியை விட்டு ஒரு நகரத்திற்குள்ளும், ஒரு பெரிய வழக்கிற்குள்ளும் போய்விட்டேன். 'வீன்' என்பது ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவிற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், ஒரு நாற்காலி எப்படி இருக்கவேண்டும், ஒரு கரண்டிக்குப் பூவேலை வேண்டுமா வேண்டாவா, அதைச் செய்கிறவனுக்கு என்ன கிடைக்கவேண்டும் என்று அந்நகரத்துக் கலைஞர்கள் முப்பது ஆண்டுக் காலம் வாதாடினார்கள். வரலாற்று மாணவனாகிய எனக்கு அரசர்களின் போர்களைவிட இந்தப் போர் சுவையாக இருந்தது. தச்சன் மகனாகிய எனக்கு அது வீட்டுப் பேச்சுப் போலவும் இருந்தது.

மரம் வளைந்த கதை

முதலில் தந்தையாரின் கேள்விக்கு விடை கூறிவிடுகிறேன். கோன் என்பவர்கள் ஆசாரிகள் அல்லர், தொழிற்சாலை முதலாளிகள். மரத்தை வளைக்கும் வித்தையைத் தொழிலாக வளர்த்தவர் அவர்களுக்கு முற்பட்ட ஓர் உண்மையான ஆசாரி. பெயர் மிக்கேல் தோனெட். 1796இல் ரைன் ஆற்றங்கரையில் உள்ள போப்பார்ட் என்னும் ஊரில் பிறந்தவர். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் அழைப்பின்பேரில் 1842இல் வியன்னா வந்து சேர்ந்தார். நெப்போலியன் காலத்துக்குப் பிந்திய ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கும்போது நாம் வெறுப்போடு உச்சரிக்கும் அதே மெட்டர்னிக்தான்! தச்சனை மதிக்கத் தெரிந்தவர் என்ற அளவில் அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

தோனெட் முதலில் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையில் காய்ச்சி, ஒன்றோடொன்று ஒட்டி வளைத்தார். ஆனால் அந்தச் சாமான்கள் கடல் கடந்து ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளுக்குச் சென்றபோது பசை விட்டுப்போயிற்று. ஆகவே முழு மரத்தையே வளைக்க முயன்றார். பீச் மரத்தைக் கம்பாகக் கடைந்து, நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வைத்து வளைத்துக் காயவிடுவது முறை. இதில் ஓர் இடையூறு உண்டு. கம்பை வளைக்கும்போது உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும். சுருங்குவதை மரம் தாங்கும். நீளுவதைத் தாங்காமல் பிளந்துவிடும். தோனெட் வளைவின் வெளிப்புறத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுகக் கட்டினார். பட்டை நீளாது; எனவே அதனோடு பிணைந்த வெளிப்புற நாரும் நீள முடியாது. வளைவு முழுவதும் உட்புறச் சுருக்கத்தாலேயே நடந்துவிடும். இதை நான் படித்துச் சொன்னபோது தந்தையார் ஒன்றும் பேசாமல், கையிலிருந்த பிரம்பை ஒருமுறை வளைத்துப் பார்த்து, "சரிதான்" என்றார்.

1859இல் வந்த அவருடைய பதினான்காம் எண் நாற்காலி உலகப் புகழ் பெற்றது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் யார் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம். 1930க்குள் ஏறத்தாழ ஐந்து கோடி நாற்காலிகள் விற்றன என்கிறார்கள். 1869இல் தோனெட்டின் தனி உரிமம் முடிவுற்றதும் மற்றவர்களும் இத்தொழிலில் இறங்கினார்கள். அவர்களில் பெரியவர்கள் யாக்கோப், யோசெப் என்ற பெயருடைய கோன்கள். எங்கள் பட்டறைக்கு வந்தது அவர்கள் செய்த நாற்காலி.

இந்நாற்காலியில் பூவேலை இல்லை. கொடியும் இல்லை, சிங்கமுகமும் இல்லை. ஆயினும் அழகாக இருக்கிறது. யாரும் 'கலை' என்று பெயர் சூட்டாத இந்த அழகு சிற்றுண்டிக் கடைகளில் அமர்ந்திருந்த அதே காலத்தில், வியன்னாவின் பெரிய வீதிகளில் நடந்தது வேறு.

பழைய வேடங்கள்

பேரரசர் பிரான்சு யோசெப் 1857இல் நகரத்தின் பழைய கோட்டைச் சுவரை இடிக்க ஆணையிட்டார். சுவர் இருந்த இடத்தில் 'வளையச் சாலை' என்னும் பெருவீதி எழுந்தது. அங்கே நாடாளுமன்றம் கிரேக்கக் கோயில்போல் கட்டப்பட்டது. நகரமன்றம் இடைக்காலத் தேவாலயம்போல் கட்டப்பட்டது. பல்கலைக்கழகம் இத்தாலிய மறுமலர்ச்சி மாளிகைபோல் அமைந்தது. ஒவ்வொரு கட்டடமும் ஒரு பழைய காலத்தின் வேடம் புனைந்துகொண்டது. செல்வர் வீடுகளிலும் அதே நிலை. சிமெண்டில் வார்த்த பூக்களும் சிலைகளும் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிச் சுவரில் பொருத்திவிட்டால் வாடகை வீடும் அரண்மனையாகிவிடும். கையால் செதுக்கிய காலத்தில் பூவேலை உழைப்பின் அடையாளமாக இருந்தது. அச்சில் வார்க்கத் தொடங்கிய பிறகு அது உழைப்பைப்போல் நடித்தது.

இந்நிலையைத் திருத்த எண்ணியவர்களும் இருந்தார்கள். இலண்டனில் 1851இல் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின் அங்கே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் தோன்றியதை நாம் அறிவோம். அதைப் பார்த்து வியன்னாவில் 1864இல் கலை, தொழில் அருங்காட்சியகமும், 1867இல் அதனோடு இணைந்த கைவினைக் கல்லூரியும் நிறுவப்பட்டன. ஈண்டு ஒன்று குறிப்பிட விரும்புகிறேன். நம் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளியைத் தொடங்கியது 1850இல். தொழிலையும் கலையையும் ஒரு கூரையின்கீழ் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் ஒரே தலைமுறையில் பல கடல்களைக் கடந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் வியன்னாக் கல்லூரியிலும் மாணவர் நெடுங்காலம் பழைய மாதிரிகளையே படியெடுத்துக்கொண்டிருந்தனர். மாற்றம் 1899இல் வந்தது. அவ்வாண்டில் யோசெப் ஹாஃப்மன் என்ற கட்டடக் கலைஞரும், கொலோமன் மோசர் என்ற ஓவியரும் அங்கே ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1897 ஏப்ரலில், ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட்டைத் தலைவராகக் கொண்டு இளங்கலைஞர்கள் சிலர் பழைய கலைஞர் சங்கத்திலிருந்து வெளியேறித் தனிச் சங்கம் கண்டிருந்தனர். 'செசெஷன்', அதாவது பிரிந்து சென்றோர், என்பது அதன் பெயர். மறு ஆண்டு ஓல்ப்ரிக் என்பவர் அவர்களுக்கு ஒரு காட்சிக்கூடம் கட்டித் தந்தார். வெள்ளைச் சுவர்களுக்கு மேலே பொன் இலைகளால் ஆன உருண்டைக் கூடு. ஊரார் அதைப் 'பொன் முட்டைக்கோசு' என்று கேலி செய்தனர். கேலி பிழைத்திருக்கிறது, கட்டடமும் பிழைத்திருக்கிறது.

1900இல் இக்கூடத்தில் நடந்த எட்டாவது கண்காட்சிக்கு ஸ்காட்லாந்திலிருந்து மாக்கின்டோஷ் தம்பதியரின் அறையலங்காரமும், இலண்டனிலிருந்து ஆஷ்பீயின் கைவினைஞர் சங்கம் செய்த வெள்ளிப் பாத்திரங்களும் வந்தன. ஆஷ்பீயின் பெயரை நாம் வேறொரு வகையிலும் அறியவேண்டும். பின்னாளில் இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் ஒரு பழைய சிற்றாலயத்தை வீடாக மாற்றி அவர் செப்பனிட்டுக் கொடுத்தது யாருக்கு? ஈழத்துத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமிக்கு! சிங்களக் கைவினைகளைப் பற்றிய தம் பெருநூலைக் குமாரசுவாமி 1908இல் அச்சிட்டது அந்த ஊரில்தான். ஆசாரியின் உழைப்பைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படித்தோர், வியன்னாவில் எழுந்த கேள்வியும் அவருடைய கேள்வியும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதை உணர்வர்.

மூவர் தொடங்கிய பட்டறை

ஆஷ்பீயின் வெள்ளிப் பாத்திரங்கள் ஹாஃப்மனின் மனத்தில் தைத்தன. வரைகிறவனும் செய்கிறவனும் ஒரே இடத்தில் வேலை செய்தால் என்ன? இதற்குப் பணம் தர முன்வந்தவர் வேர்ண்டார்ஃபர் என்ற பஞ்சாலைக் குடும்பத்துச் செல்வர். ஹாஃப்மன், மோசர், வேர்ண்டார்ஃபர் ஆகிய மூவரும் 1903இல் 'வியன்னாப் பட்டறை'யைத் தொடங்கினர். முதலில் சில சிறிய அறைகள். அதே ஆண்டில் நொய்ஸ்டிஃப்ட் தெருவில் பெரிய இடம். 1905க்குள் ஏறத்தாழ நூறு பேர் அங்கே வேலை செய்தார்கள். உலோகம், தோல், நூற்கட்டு, தச்சு, வண்ணப்பூச்சு என்று தனித்தனிப் பிரிவுகள். வேலையிடங்கள் வெளிச்சமாகவும் தூய்மையாகவும் இருந்தன என்பதைப் பார்வையாளர் பலரும் வியந்து குறிப்பிட்டிருக்கின்றனர். புகையும் இருளும் நிறைந்த பட்டறைகளையே கண்டவர்களுக்கு அது வியப்பாகத்தானே இருக்கும்?

என் மனத்தை மிகவும் கவர்ந்தது முத்திரைகளைப் பற்றிய செய்தி. தொடக்க ஆண்டுகளில் அங்கே செய்த ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் பட்டறையின் ரோஜா முத்திரை இருக்கும். பட்டறையின் பெயரெழுத்து இருக்கும். வரைந்தவரின் பெயரெழுத்து இருக்கும். அவற்றோடு, அடித்துச் செய்த தட்டாரின் பெயரெழுத்தும் இருக்கும். பேராசிரியர் ஹாஃப்மனும் தட்டாரும் ஒரே கிண்ணத்தின் அடியில் பக்கத்தில் பக்கத்தில்! நம் நாட்டுக் கோயில்களில் கொடையாளியின் பெயரைக் கல்லில் வெட்டியவரின் பெயர் பெரும்பாலும் கல்லில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் இச்செய்தியின் அருமை விளங்கும்.

1905இல் அவர்கள் வெளியிட்ட திட்ட அறிக்கை சில வெளிப்படையான உண்மைகளைச் சொன்னது. பொருளின் பயன்தான் முதல் நிபந்தனை என்றது. கல்லின் விலைக்காக நகையை மதிப்பதில்லை, வேலையின் அழகுக்காகவே மதிப்போம் என்றது. மலிவான சாமானோடு போட்டியிட முடியாது, ஏனெனில் அந்த மலிவுக்கு விலை கொடுப்பவன் தொழிலாளி என்றது. கடைசியாகக் கூறிய கருத்தை என் தந்தையாரின் பட்டறை வாயிலில் எழுதி வைக்கலாம்.

அவர்கள் செய்த பொருள்களின் தோற்றத்தைச் சற்றுச் சொல்லவேண்டும். ஹாஃப்மனுக்குச் சதுரத்தின்மீது ஒரு பித்து. சதுரத் துளைகளிட்ட தகட்டால் ஆன பூக்கூடைகள், சதுரக் கட்டங்களுடைய அலமாரிகள், கறுப்பும் வெள்ளையுமான சதுர ஓரங்கள். 'சதுர ஹாஃப்மன்' என்றே ஊர் அவரை அழைத்தது. கொடி, இலை, தேவதை எல்லாம் போய், அளவும் விகிதமுமே அழகாயின. 1904-05இல் புர்க்கர்ஸ்டார்ஃப் என்னும் இடத்தில் அவர் கட்டிய நலவாழ்வு இல்லம், வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையுமாக, இன்று நாம் காணும் கட்டடங்களுக்குப் பாட்டனார்போல் நிற்கிறது.

இனி வருவது வருத்தமான கணக்கு. பத்து நாளில் ஒரு பொருளைச் செய்து, செய்தவனுக்கு நேர்மையான கூலியும் கொடுத்தால், அப்பொருளை வாங்க வல்லவர் யார்? 1905 முதல் 1911 வரை பிரஸ்ஸல்ஸ் நகரில் ஸ்டாக்லே என்ற செல்வருக்காகப் பட்டறை ஒரு மாளிகையைச் செய்தது. செலவுக்கு வரம்பே இல்லை. சுவருக்குச் சலவைக்கல், உணவறையில் கிளிம்ட் வரைந்த ஓவியம், பொன்னும் எனாமலும் பதித்த கற்கோலமாக. கரண்டி முதல் கூரை வரை ஒரே கையின் திட்டம். 2009இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகின் உச்சம்தான். ஆனால் தொழிலாளியின் பெயரால் தொடங்கிய பட்டறையின் பெரும்படைப்பு, ஒரு கோடீசுவரரின் வீடாக முடிந்தது.

அப்படியும் பட்டறை கடனில்தான் நடந்தது. பணத்துக்காகத் தம் மனைவியை அணுகினார்கள் என்ற மனக்கசப்பில் 1907இல் மோசர் விலகினார். வேர்ண்டார்ஃபர் தம் சொத்தையெல்லாம் இதிலே கரைத்தார். 1914இல் குடும்பத்தார் அவரை அமெரிக்காவிற்கு அனுப்பிவைத்தனர். ஆஷ்பீயின் சங்கமோ அதற்கு முன்பே, 1908இல், மூடப்பட்டுவிட்டது.

கல்தச்சர் மகனின் வாதம்

வழக்கு என்றால் எதிர்த்தரப்பு வேண்டுமல்லவா? அவர் பெயர் அடால்ஃப் லோஸ். 1870 டிசம்பர் 10ஆம் நாள் மொராவியா நாட்டுப் ப்ரூன் நகரில், கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஹாஃப்மன் பிறந்ததும் அதே மொராவியாவில், அதே ஆண்டில், டிசம்பர் 15ஆம் நாள். ஐந்தே நாள் இடைவெளி! இருவரும் ப்ரூன் நகரத் தொழிற்பள்ளியில் படித்தவர்கள். லோஸ் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். 1893இல் அமெரிக்கா சென்று, கிடைத்த வேலையெல்லாம் செய்து, 1896இல் வியன்னாவுக்குத் திரும்பினார். தொடக்கத்தில் செசெஷன் சங்கத்தாரின் பத்திரிகையிலேயே எழுதினார். அவர்களுடைய காட்சிக்கூடத்தில் ஓர் அறையை அமைக்க விரும்பிக் கேட்டதாகவும், ஹாஃப்மன் மறுத்ததாகவும் கூறுவர். அதன் பின் லோஸின் பேனா ஓயவில்லை.

1900இல் அவர் ஒரு கதை எழுதினார். ஒரு பணக்காரர் தம் வீட்டைக் கலைமயமாக்க ஒரு கலைஞரை அழைக்கிறார். கலைஞர் சாம்பல் தட்டு முதல் சுவர் வரை எல்லாவற்றையும் திட்டமிட்டு அமைத்துவிடுகிறார். ஒருநாள் பணக்காரர் செருப்போடு எதிரே வருகிறார். கலைஞர் சினந்துகொள்கிறார். அந்தச் செருப்பைத் தாமே வரைந்து கொடுத்தாரே என்று கேட்டால், அது படுக்கையறைக்கு வரைந்ததாம். இந்த அறையின் நிறத்தை அது கெடுக்கிறதாம்! வீடு முடிந்துவிட்டது, இனி அதில் எதையும் சேர்க்க இடமில்லை, பேரப்பிள்ளை கொடுத்த அன்பளிப்பைக்கூட வைக்க இடமில்லை. ஸ்டாக்லே மாளிகைக்கு ஐந்து ஆண்டு முன்பே எழுதிய கதை இது. படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவருடைய புகழ்பெற்ற உரை 'அலங்காரமும் குற்றமும்'. 1910இல் வியன்னாவில் நிகழ்த்தியது. தலைப்பு நம்மை ஏமாற்றும். அதன் உயிர்நாடி அழகைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. பூவேலை செய்த பெட்டியும் வழவழப்பான பெட்டியும் சந்தையில் ஏறத்தாழ ஒரே விலைக்குப் போகுமானால், பூவேலைக்குச் செலவான கூடுதல் நேரம் யாருடைய தலையில் விழுகிறது? தொழிலாளியின் தலையில். மேலும், பூவேலை விரைவில் பழசாகிவிடும், அப்போது பொருள் உறுதியாக இருந்தாலும் எறியப்படும், உழைப்பு வீணாகும். ஆகவே அலங்காரம் என்பது வீணான உழைப்பு என்றார் அவர். திருவிழாத் தேருக்கும் கல்யாணக் கட்டிலுக்கும் இராப்பகலாகச் சித்திர வேலை செய்து, முடிவில் "எல்லாம் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று பேரம் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். லோஸின் கணக்கில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவரோடு எனக்கு இரண்டு சண்டைகள் உண்டு. பப்புவா நாட்டு மக்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்வதை எடுத்துக்காட்டி, அவர்கள் வளராத மனிதர்கள், அலங்காரம் அவர்களுக்கே உரியது, நாகரிகம் வளர வளர அது உதிர்ந்துவிடும் என்று அவர் வாதாடினார். உலக மக்களை ஏணிப்படிகளில் நிறுத்தி, மேற்படியில் தம்மை நிறுத்திக்கொள்ளும் இந்த வழக்கம் அக்காலத்து ஐரோப்பியர் பலருக்கும் பொது. ஆனால் பொதுவான பிழையும் பிழையே. கோலம் போடும் தாயின் மகன் இதை எப்படி ஏற்பான்?

இரண்டாவது சண்டையை அவரே தொடங்கிவைக்கிறார். அதே உரையில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பற்றிச் சொல்லுகிறார். ஒரு சோடிக்கு முப்பது குரோனன் விலை என்றால், நாற்பது தருகிறேன் என்கிறார் லோஸ். தைப்பவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உயர்ந்த தோலைத் தேடி எடுக்கவும், ஓரங்களில் துளையும் வளைவுமாகப் பூவேலை செய்யவும் மனம் துள்ளுகிறது. அப்போது லோஸ் ஒரு நிபந்தனை போடுகிறார்: செருப்பு வழவழப்பாக இருக்கவேண்டும். தைப்பவரின் முகம் வாடிவிடுகிறது. வேலை குறைந்தது, கூலி கூடியது, மகிழ்ச்சி மட்டும் பறிபோய்விட்டது. ஆகவே தம்மைப் போன்றவர்கள் அந்தத் தையற்காரரின் பூவேலையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று லோஸ் ஒப்புக்கொள்கிறார். இந்த ஓர் இடத்தில் அவருடைய வாதமே பிளந்துகொள்கிறது. பூவேலை தொழிலாளியைச் சுரண்டுவது என்றால், அதைப் பறித்ததும் அவன் ஏன் வருந்துகிறான்? லோஸ் கண்ட விடை, அவன் இன்னும் பழைய காலத்து மனிதன் என்பதே. எனக்குத் தெரிந்த விடை வேறு. என் தந்தையார் கதவுச் சட்டத்தில் ஒரு தாமரையைச் செதுக்கும் நேரத்தில்தான் வாய்க்குள் பாடுவார். அளவெடுத்து அறுக்கும் நேரத்தில் பாடமாட்டார்.

லோஸின் எளிமையும் ஏழைகளின் எளிமையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரண்மனைக்கு எதிரே மிக்கேல் சதுக்கத்தில் அவர் 1909-11இல் கட்டிய கட்டடம் பூவேலையற்ற சாளரங்களால் ஊரையே கொதிப்படையச் செய்தது. நகராட்சி வேலையையே நிறுத்திவைத்தது. ஆனால் அதன் கீழ்ப்பகுதி முழுவதும் விலையுயர்ந்த சலவைக்கல். கட்டச் சொன்னவர்கள் செல்வர்க்கு ஆடை தைக்கும் வணிகர்கள். செதுக்கிய பூவுக்குப் பதில் கல்லுக்குள் இயற்கை வரைந்த பூ!

ஒரே தொழிற்சாலை

இவ்வளவு பகைத்த இருவரும் ஓரிடத்தில் சந்தித்தார்கள் என்பதைக் கண்டபோது நான் வியந்துபோனேன். அந்த இடம் கோன்களின் தொழிற்சாலை. 1899இல் லோஸ் அமைத்த 'கஃபே மியூசியம்' என்ற காப்பிக்கடைக்கு அவர் வடிவமைத்த வளைமர நாற்காலியைச் செய்தவர்கள் கோன்கள். கம்பை முழு உருண்டையாக விடாமல் முட்டை வடிவாக இழைத்து, உறுதி வேண்டாத இடத்தில் மெலிவித்து, எடையைக் குறைத்திருந்தார். புர்க்கர்ஸ்டார்ஃப் இல்லத்து உணவறைக்கும், 1907இல் திறந்த 'வௌவால்' என்ற இசைநாடக அரங்கிற்கும் ஹாஃப்மன் வரைந்த நாற்காலிகளைச் செய்தவர்களும் அதே கோன்களே. ஹாஃப்மனின் நாற்காலிகளில் காலும் இருக்கையும் சேருமிடத்தில் சிறு மர உருண்டைகள் இருக்கும். பார்த்தால் அலங்காரம், உண்மையில் அவை மூட்டை ஆடாமல் பிடித்துக்கொள்பவை. படத்தைக் காட்டினேன். "முட்டுக் கொடுத்திருக்கான். கெட்டிக்காரன்" என்று தந்தையார் தீர்ப்பளித்தார். அலங்காரமா குற்றமா என்ற வழக்கிற்கு அந்த உருண்டைகளைவிட நல்ல சாட்சி இல்லை என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் மூத்தவரான ஓட்டோ வாக்னர் 1904-06இல் கட்டிய அஞ்சல் சேமிப்பு வங்கியின் முகப்பில் சலவைக்கல் பலகைகளை அலுமினியத் தலையுள்ள ஆணிகள் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் பலகைகள் பெரும்பாலும் சாந்திலேயே நிற்கின்றன என்பர். ஆணிகள் வரிசை வரிசையாக மின்னுவது கண்ணுக்காக. உறுதிபோல் தெரியும் அலங்காரம் அங்கே; அலங்காரம்போல் தெரியும் உறுதி இங்கே.

பட்டறையின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1910 அளவில் துணிப் பிரிவும், அடுத்து ஆடைப் பிரிவும் தோன்றின. அஞ்சலட்டைகள் ஏறத்தாழ ஆயிரம் வகை அச்சாயின. ஏழை மாணவனும் வாங்கக்கூடிய பட்டறைப் பொருள் அவை ஒன்றே எனலாம். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது பெண் கலைஞர்கள் பெருகினர். வாலி வீசல்தியர், மத்தில்டே ஃப்ளோகல், ஃபெலிஸ் ரிக்ஸ் போன்றோர் மட்பாண்டத்திலும் துணியிலும் புதுமை செய்தனர். அதைப் 'பெண்டுகள் கைவேலை' என்று இழித்துப் பேசினவர்களும் வியன்னாவில் இருந்தனர். 2021இல் வியன்னாவின் கலை, தொழில் அருங்காட்சியகம் அப்பெண்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்திற்று. ஏறத்தாழ நூற்றெண்பது பெண்கள் அங்கே பணியாற்றியிருக்கிறார்கள் என்று அப்போது எண்ணிக் காட்டினார்கள். லோஸ் விட்டபாடில்லை; 1927இலும் ஒரு பொது உரையில் பட்டறையை வறுத்தெடுத்தார். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வெள்ளிக் கிண்ணம் வாங்க ஆளில்லை. 1932இல் பட்டறை மூடப்பட்டது. மிஞ்சிய சாமான்கள் ஏலம் போயின.

வளைமரத் தொழிற்சாலைகளோ அதன் பின்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் பிரம்பு பின்னியவர்களும் மெருகிட்டவர்களும் பெரும்பாலும் மொராவியா கிராமத்துப் பெண்கள். எங்கள் பட்டறைக்கு வந்த நாற்காலியை வளைத்தவர் யார், அதன் முதல் பின்னலைப் பின்னியவள் யார் என்பதற்கு அதில் அடையாளம் இல்லை. 'ஜே. அண்டு ஜே. கோன்' மட்டுமே உண்டு. எல்லாருக்கும் எட்டிய நாற்காலியில் ஆசாரியின் பெயர் இல்லை. ஆசாரியின் பெயர் பொறித்த கிண்ணம் எல்லாருக்கும் எட்டவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் மாலை தந்தையாரிடம் சொன்னேன். அவர் நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னி முடிக்கும் தறுவாயில் இருந்தார். சதுரம், கிளிம்ட், சலவைக்கல் மாளிகை எதுவும் அவரை நிறுத்தவில்லை. கிண்ணத்தின் அடியில் தட்டாரின் பெயரெழுத்து என்றதும் கை நின்றது.

"பேரு தெரியுமா?" என்றார்.

புத்தகத்தைப் புரட்டிப் படித்தேன். கார்ல் கல்லெர்ட், ஆல்ஃபிரட் மாயர், யோசெப் ஹோஸ்ஃபெல்ட், அடால்ஃப் எர்பிரிக், கொன்ராட் கோக். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மெதுவாகப் படித்தேன். 'கல்லெர்ட்' என்பதை மட்டும் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மிஞ்சிய பிரம்பை நறுக்கிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, முதலில் என்னை அதில் உட்காரச் சொன்னார்.